பால் பாக்கெட்டுக்கு முன்னாடி: ஒரு மாடு, ஒரு கன்னு, ஒரு வருஷம்

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடை அப்படியே விடப்பட்டிருக்கிறது. திரும்பத் திரும்ப வந்த இடங்கள் மட்டும் சுருக்கப்பட்டிருக்கின்றன.)

கையில காபியோ டீயோ இருந்தா நல்லது. இன்னைக்கு எபிசோடு அதுக்குள்ள இருக்கிற பாலைப் பத்தித்தான்.

முதல்ல ஒரு சின்னக் கேள்வி. மாடுன்னா அது பாட்டுக்கு தினமும் பால் கொடுக்கும்னு நினைக்கிறீங்களா? நம்ம ஊர் அபார்ட்மென்ட் குழந்தைகள்கிட்ட கேட்டா "ஆமா, மாடு பால் தரும்"னு சொல்லுவாங்க. பெரியவங்கள்ல பாதிப் பேரும் அதையேதான் சொல்லுவாங்க. ஆனா மாடும் ஒரு தாய்தான். கன்னு போட்டாத்தான் பால். கன்னு போட்டதுல இருந்து கிட்டத்தட்ட பத்து மாசம் பால் இருக்கும், அப்புறம் வத்திப் போகும். மறுபடியும் பால் வேணும்னா மறுபடியும் கன்னு போடணும்.

மாடு சினையா இருக்கிற காலம் ஏறக்குறைய 280 நாள். அதாவது நம்மள மாதிரியே ஒன்பது மாசத்துக்குக் கொஞ்சம் மேல. வருஷத்துக்கு ஒரு கன்னு வேணும்னா, கன்னு போட்ட மூணு மாசத்துக்குள்ள அது திரும்ப சினை பிடிச்சாகணும். பால் கறந்துட்டிருக்கும்போதே வயித்துல அடுத்த கன்னு வளரும். ஒரு உடம்பு ஒரே நேரத்துல இவ்வளவு வேலை பார்க்குது. அதனால மாடு வளர்ப்புல நடக்கிற எந்தத் தப்பும் அன்னைக்கே தெரியாது. மூணு மாசம் கழிச்சோ ஒரு வருஷம் கழிச்சோதான் தெரியும்.

இந்த எபிசோடு முழுக்க ஒரு விஷயம் திரும்பத் திரும்ப வரும், முதல்லயே சொல்லிடறேன். மாட்டை ஆரோக்கியமா வச்சுக்கிறதுக்கான ஒவ்வொரு நல்ல பழக்கத்துக்கும் இன்னைக்கு ஒரு விலை இருக்கு. லாபம் பின்னாடிதான் வரும். சில நேரம் அந்த லாபம் மாட்டுக்காரருக்கு வராது, பாலைக் குடிக்கிற நமக்கு வரும். இந்தக் கணக்குதான் பால் தொழிலோட உண்மையான சிக்கல்.

எவ்வளவு பெரிய விஷயம் இது?

உலகத்துலயே அதிகமா பால் உற்பத்தி பண்ற நாடு இந்தியா. வருஷத்துக்கு 23 கோடி டன்னுக்கு மேல. 2019 கால்நடைக் கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டுல மட்டும் பசு, காளை, கன்னு எல்லாம் சேர்த்து சுமார் 95 லட்சம். இதுல பெரும்பகுதி பெரிய பண்ணைகள்ல இல்ல. ரெண்டு மாடு, மூணு மாடு வச்சிருக்கிற வீடுகள்ல இருக்கு. அங்க சாணி அள்ளுறது, தண்ணி காட்டுறது, புல் அறுக்கிறது எல்லாம் பெரும்பாலும் வீட்டுப் பெண்கள்தான்.

காலைல சொசைட்டிக்குப் பால் போகும். அங்க லிட்டரை மட்டும் பார்க்க மாட்டாங்க. கொழுப்பு எவ்வளவு, கொழுப்பு இல்லாத மத்த திடப்பொருள் எவ்வளவுன்னு பார்த்துத்தான் காசு. 2022 நவம்பர்ல ஆவின் பசும்பால் கொள்முதல் விலையை லிட்டருக்கு 32 ரூபாய்ல இருந்து 35 ஆக்கினாங்க. 2023 டிசம்பர்ல 3 ரூபாய் ஊக்கத்தொகை சேர்த்தாங்க. நம்ம கணக்கு சுலபமா இருக்கட்டும்னு இந்த எபிசோடுல லிட்டருக்கு 35 ரூபாய்னே வச்சுக்கலாம். அந்த 35-ஐ மனசுல வச்சுக்கோங்க.

சீம்பால் யாருக்கு?

கன்னு பிறந்த நிமிஷத்துல இருந்து ஆரம்பிப்போம்.

மனுஷக் குழந்தைக்கு அம்மா வயித்துல இருக்கும்போதே தாய்கிட்ட இருந்து கொஞ்சம் நோய் எதிர்ப்புச் சக்தி வந்து சேர்ந்துடும். கன்னுக்கு அந்த வசதி கிடையாது. மாட்டோட நஞ்சுக்கொடி அமைப்பு அந்த எதிர்ப்புப் பொருளை உள்ள விடாது. அதனால கன்னு பிறக்கும்போது எந்தப் பாதுகாப்பும் இல்லாமத்தான் வெளிய வருது. அந்தப் பாதுகாப்பு முழுக்க சீம்பால்லதான் இருக்கு.

இதுல நேரம் ரொம்ப முக்கியம். பிறந்த உடனே கன்னோட குடல் அந்த எதிர்ப்புப் பொருளை அப்படியே முழுசா உறிஞ்சி ரத்தத்துக்கு அனுப்பும். மணி நேரம் போகப் போக அந்தக் கதவு மூடிட்டே வரும். ஒரு நாள் முடியறதுக்குள்ள கிட்டத்தட்ட பூட்டிடும். அதுக்கப்புறம் எவ்வளவு சீம்பால் கொடுத்தாலும் அது வெறும் சாப்பாடுதான், பாதுகாப்பு ஆகாது.

அளவு என்னன்னா, கன்னோட எடையில பத்துல ஒரு பங்கு. 25 கிலோ கன்னுன்னா ரெண்டரை லிட்டர். அதுல பாதி பிறந்த ஒரு மணி, ரெண்டு மணி நேரத்துக்குள்ள போகணும். மீதி அன்னைக்கே போகணும்.

இப்போ நம்ம ஊர்ல என்ன நடக்குது? பல இடத்துல "நஞ்சுக்கொடி விழட்டும், அப்புறம் பால் ஊட்டலாம்"னு ஒரு பழக்கம் இருக்கு. நஞ்சுக்கொடி விழ ஆறு மணி நேரம் எட்டு மணி நேரம்கூட ஆகும். அதுவரைக்கும் காத்திருந்தா கன்னுக்கு ரொம்ப முக்கியமான நேரம் போயிடும். உண்மையில கன்னு முட்டிக் குடிக்கும்போது தாய் உடம்புல சுரக்கிற ஹார்மோன் கருப்பையைச் சுருங்க வைக்கும். நஞ்சுக்கொடி விழறதுக்கும் அதுவே உதவி. கன்னு உடனே குடிச்சா ரெண்டு பேருக்கும் நல்லது.

இன்னொண்ணு நம்ம பக்கத்துல இருந்து. சீம்பாலுக்கு டவுன்ல கிராக்கி இருக்கு. ஏலக்காய் போட்டு வெல்லம் போட்டு அவிச்சா ருசியா இருக்கும், மறுக்கலை. கன்னு குடிச்சது போக மிச்சம் இருந்தா தாராளமா சாப்பிடலாம். முதல் நாள் முதல் கறவை மட்டும் கன்னோடது.

கன்னுக்குட்டியோட ஆறு மாசம்

சீம்பாலோட கன்னு பராமரிப்பு முடியறதில்ல. பிறந்த உடனே தொப்புள்கொடியைச் சுத்தமா வெட்டி, டிஞ்சர் அயோடின் வைக்கணும். அந்த ஈரமான தொப்புள் வழியாத்தான் கிருமி நேரா உள்ள போகும். மூட்டு வீங்கி நொண்டுற கன்னுகளைப் பார்த்திருப்பீங்க. பல நேரம் கதை தொப்புள்ல ஆரம்பிச்சிருக்கும்.

அடுத்தது குடற்புழு. பிறந்த பத்து நாள் வாக்கில முதல் மருந்து. அப்புறம் ஆறு மாசம் வரைக்கும் மாசா மாசம், டாக்டர் சொல்ற அளவுல. வயிறு பானை மாதிரி உப்பி, முடி சிலுப்பிக்கிட்டு, விலா எலும்பு தெரிய நிக்கிற கன்னு "நல்லா தின்னுது, வயிறு நிறைஞ்சிருக்கு"ன்னு தோணும். அது நிறைஞ்ச வயிறு இல்ல, புழு.

அப்புறம் பால். முதல் மாசம் கன்னோட எடையில பத்துல ஒரு பங்கு தினமும் கொடுக்கணும். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா குறைச்சு மூணு மாசத்துல நிறுத்தலாம். ரெண்டாவது வாரத்துல இருந்தே கொஞ்சம் கன்னுத் தீவனமும் நல்ல புல்லும் முன்னாடி வைக்கணும். ஏன்னா கன்னு பிறக்கும்போது அதோட பெருவயிறு வேலை செய்யாது. பால் அதைத் தாண்டி நேரா கடைசி வயித்துக்குப் போயிடும். திடமான தீவனம் உள்ள போகப் போகத்தான் பெருவயிறு வளரும்.

இங்கதான் அந்த 35 ரூபாய் வருது. கன்னு குடிக்கிற ரெண்டரை லிட்டர்னா தினமும் 87 ரூபாய் ஐம்பது காசு. மாசத்துக்கு 2,600 ரூபாய்க்கு மேல. பள்ளிக்கூட ஃபீஸ் கட்ட வேண்டிய மாசத்துல அந்தப் பாலைக் கன்னுக்கு விடறதா, சொசைட்டிக்கு ஊத்தறதா? பொண்ணுக் கன்னு, அதாவது கிடாரின்னா யோசிச்சு விடுவாங்க. ரெண்டரை வருஷத்துல அது கறவை மாடு. ஒழுங்கா பால் குடிக்காத கிடாரி பருவத்துக்கு வரவே தாமதமாகும்.

காளைக்கன்னுன்னா? டிராக்டர் வந்த பிறகு உழவுக்கு மாடு வேண்டியதில்ல. ஜெர்சி கலப்புக் காளைக்கு வண்டிலயும் மதிப்பு இல்ல. அதனால பல இடத்துல காளைக்கன்னுக்குப் பால் குறையும், கவனிப்பு குறையும். இதைக் கேட்க நல்லா இல்லதான். ஆனா பால் குடிக்கிற நாம இதைத் தெரிஞ்சுக்கணும். இப்போ பெரும்பாலும் கிடாரியே பிறக்கிற மாதிரி பிரிச்செடுத்த விந்தணு ஊசி வந்திருக்கு. பத்துக்கு ஒன்பது கிடாரிங்கிற அளவுக்கு அது வேலை செய்யும். ஆனா அது எல்லா ஊருக்கும், எல்லார் கைக்கும் இன்னும் சாதாரணமா வந்து சேரலை.

பொங்கல் வச்சு மாட்டைக் கொல்லலாமா?

தலைப்பு அதிர்ச்சியா இருக்கலாம். ஆனா ஒவ்வொரு வருஷமும் மாட்டுப் பொங்கல் சமயத்துல கால்நடை டாக்டர்கள் சொல்ற எச்சரிக்கை இது.

மாட்டோட பெருவயிறு ஒரு பெரிய நொதிக்கிற தொட்டி. பெரிய மாடுன்னா நூறு லிட்டர் வரைக்கும் பிடிக்கும். உள்ள கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள். மாடு புல்லைத் தின்னுது, அந்த நுண்ணுயிர்கள் நாரை உடைக்குது, அதுல வர்ற சத்துலதான் மாடு வாழுது. மாடு ஒரு நாள்ல ஏழெட்டு மணி நேரம் அசை போடும். அசை போடும்போது ஊறுற எச்சில்தான் அந்தத் தொட்டியோட புளிப்பைக் கட்டுப்பாட்டுல வச்சிருக்கு.

திடீர்னு அரிசிச் சோறு, பொங்கல், வாழைப்பழத்தோட பாயசம்னு ஒரு பெரிய வாளி உள்ள போனா என்ன ஆகும்? மாவுச்சத்து வேகமாப் புளிக்கும். அமிலம் ஏறும். நாரை உடைக்கிற நல்ல நுண்ணுயிர்கள் செத்துப்போகும். மாடு தீவனம் எடுக்காது, அசை போடாது, கழிச்சல், தள்ளாட்டம். கவனிக்காம விட்டா உயிரே போயிடும். அன்பா ஊட்டின சோறே அமில நோய் ஆயிடுது. கல்யாண மண்டபத்துல மிஞ்சின சோத்தை மாட்டுக்குக் கொட்டுறதும் இதே கதைதான். ஒரு கைப்பிடி பொங்கல் பரவாயில்ல. வாளி கூடாது.

நகரத்துல இருக்கிற நமக்கு இன்னும் நெருக்கமான ஒண்ணு, பிளாஸ்டிக் பை. காய்கறித் தோலையும் மீந்த சாதத்தையும் கேரி பேக்ல போட்டு முடிச்சுப் போட்டு வீசுறோம். மாட்டுக்கு அந்த முடிச்சை அவிழ்க்கத் தெரியாது. பையோட சேர்த்து முழுங்கிடும். பெருவயித்துல பிளாஸ்டிக் செரிக்காது, வெளியவும் போகாது. வருஷக்கணக்கா சேர்ந்து கயிறு மாதிரி முறுக்கிக்கும். ஆபரேஷன் பண்ணி கிலோ கணக்குல எடுக்கிறாங்க.

ஆணி, கம்பித் துண்டு உள்ள போனா இன்னும் மோசம். பெருவயித்துக்குப் பக்கத்துல தேன்கூடு மாதிரி ஒரு சின்ன வயிறு இருக்கு. கனமான பொருள் அங்க போய்த் தங்கும். அதுக்கு முன்னாடி உதரவிதானம், அதுக்கு அந்தப் பக்கம் இதயம். வயிறு சுருங்கும்போது கம்பி குத்திக்கிட்டே முன்னாடி போய் இதயத்தையே தொட்டுடும். வெளிநாடுகள்ல இதைத் தடுக்க மாட்டுக்குக் காந்தத்தை முழுங்க வைக்கிற வழக்கம்கூட இருக்கு. நமக்குச் சுலபமான வழி: குப்பையைப் பிரிச்சுப் போடறது, முடிச்சுப் போடாம இருக்கறது.

காய்ச்சினா போறது, காய்ச்சினாலும் போகாதது

தீவனக் கணக்கைச் சுருக்கமா சொல்றேன். ஒரு கறவை மாட்டுக்குத் தினமும் இருபது கிலோவுக்குக் குறையாம பசுந்தீவனம் கிடைச்சா நல்லது. கம்பு நேப்பியர் கோ 4, கோ 5 மாதிரி புல், கூட அகத்தி, வேலிமசால் மாதிரி புரதம் உள்ளது. வைக்கோலோ சோளத்தட்டையோ அஞ்சு கிலோ. அடர் தீவனம் உடம்புக்கு ஒரு கிலோ ஒன்றரை கிலோ, அப்புறம் கறக்கிற ஒவ்வொரு ரெண்டரை லிட்டருக்கும் ஒரு கிலோ. தாது உப்புக் கலவை ஒரு கைப்பிடிக்கும் கம்மிதான், 30-ல இருந்து 50 கிராம். தண்ணி எப்பவும் முன்னாடி இருக்கணும். ரெண்டு வேளை காட்டினா போதும்னு நினைக்கிறது பாலைக் குறைக்கிற பழக்கம். பால்ல பெரும்பகுதி தண்ணிதானே? கலப்பின மாட்டுக்கு நம்ம ஊர் சித்திரை வெயில் தாங்காது. தகரக் கூரைக்கு மேல தென்னங்கீத்து போட்டாலே கொட்டகைக்குள்ள வித்தியாசம் தெரியும்.

இப்போ ஒரு முக்கியமான இடத்துக்கு வரேன். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-ல நாடு முழுக்க 6,432 பால் மாதிரிகளைச் சோதிச்சாங்க. 2019 அக்டோபர்ல முடிவு வந்துச்சு. எல்லாரும் பயந்தது கலப்படத்துக்கு. யூரியா, டிடர்ஜென்ட் மாதிரி உடம்புக்கு ஆகாத கலப்படம் கிடைச்சது வெறும் 12 மாதிரியில. ஆனா 368 மாதிரியில, அதாவது 5.7 சதவீதத்துல, அஃப்ளாடாக்சின் எம்1 அளவுக்கு மேல இருந்துச்சு. அந்தப் பட்டியல்ல முதல் இடம் தமிழ்நாடு.

அஃப்ளாடாக்சின்னா என்ன? ஈரம் பட்ட கடலைப் புண்ணாக்கு, மக்காச்சோளம், பருத்திக்கொட்டை இதுல பச்சையா பூசணம் பிடிக்கும் இல்லையா? அந்தப் பூஞ்சை உண்டாக்குற நஞ்சு. மாடு அதைத் தின்னா, அந்த நஞ்சு கொஞ்சம் மாறி பால்ல வரும். கல்லீரலுக்குக் கெடுதல், புற்றுநோய்க்கும் தொடர்பு இருக்கு. பாலைக் காய்ச்சினா கிருமி சாகும். இது சாகாது, ஏன்னா இது உயிர் இல்ல, ரசாயனம். பாக்கெட் பாலோ, பண்ணையில இருந்து நேரா வர்ற பாலோ, ஏ2 பாலோ, மாடு தின்ன புண்ணாக்குல பூசணம் இருந்தா எல்லாம் ஒண்ணுதான்.

தீர்வு தொழுவத்துலதான் இருக்கு. மூட்டையைத் தரையில வைக்காம பலகை மேல வைக்கணும். சுவரை ஒட்டி அடுக்கக் கூடாது. பூசணம் தெரிஞ்சா அந்த மூட்டையையே கழிச்சுக் கட்டணும். அதுலதான் சிக்கல். காசு கொடுத்து வாங்கின மூட்டையை யாரு தூக்கிப் போடுவா? தூக்கிப் போட்டவரோட பாலுக்கும் 35 ரூபாய், போடாதவரோட பாலுக்கும் 35 ரூபாய். சொசைட்டி மிஷின் கொழுப்பைப் பார்க்கும், நஞ்சைப் பார்க்காது.

மடி

பால் தொழில்ல அதிகமா நஷ்டம் பண்ற நோய் எதுன்னு கேட்டா, மடிவீக்கம்.

மாட்டு மடி நாலு தனித்தனி அறை. ஒண்ணுல இருக்கிற பால் இன்னொண்ணுக்குப் போகாது. ஒரு காம்பு கெட்டுப் போச்சுன்னா அந்தக் கால்பங்கு போச்சு. பத்து லிட்டர் கறக்கிற மாட்டுல ரெண்டு லிட்டர் குறைஞ்சா தினமும் 70 ரூபாய். முந்நூறு நாள் கறவைக்கு 21,000 ரூபாய். ஒரு காம்போட விலை அது.

கிருமி எப்படி உள்ள போகுது? கறந்து முடிச்ச பிறகு காம்போட நுனித் துளை மூட கிட்டத்தட்ட அரை மணி நேரம் ஆகும். அந்த நேரத்துல மாடு சாணியும் மூத்திரமும் இருக்கிற தரையில படுத்தா, திறந்த துளை நேரா சேத்துல. அதனால அனுபவம் உள்ளவங்க ஒரு வேலை பண்ணுவாங்க. கறந்த உடனே தீவனம் வைப்பாங்க. மாடு நின்னு தின்னும், அதுக்குள்ள துளை மூடிடும். பைசா செலவில்லாத வைத்தியம். கூடவே கறக்கறதுக்கு முன்னாடி கையையும் மடியையும் கழுவுறது, முதல் ரெண்டு பீச்சை தனிக் கிண்ணத்துல பீச்சித் திரி திரியா இருக்கான்னு பார்க்கிறது, கறந்த பிறகு காம்பை அயோடின் கரைசல்ல முக்கறது. கண்ணுக்குத் தெரியாத மடிநோயும் உண்டு. மடி வீங்காது, பால் பார்க்க நல்லாத்தான் இருக்கும், ஆனா கறவை குறைஞ்சிட்டே வரும். அதுக்குச் சுலபமான டெஸ்ட் கரைசல் இருக்கு.

ஆரம்ப நிலையில தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் சொல்ற, தேசிய பால்வள வாரியமும் பரப்புற ஒரு மூலிகை வைத்தியம் உண்டு. சோத்துக்கத்தாழை 250 கிராம், மஞ்சள் தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம். அரைச்சு, கொஞ்சம் எடுத்துத் தண்ணியில கரைச்சு, மடியைக் கழுவி ஒரு நாளைக்குப் பல தடவை தடவணும். காய்ச்சல் வந்து, மாடு தீவனம் எடுக்காம, மடி கல்லு மாதிரி ஆயிடுச்சுன்னா உடனே டாக்டர்தான்.

டாக்டர் வந்தா ஆன்டிபயாட்டிக். அப்போதான் அடுத்த கேள்வி. மருந்து போட்ட மாட்டுப் பால்ல அந்த மருந்து சில நாள் இருக்கும். மருந்தைப் பொறுத்து, கடைசி ஊசிக்கப்புறம் மூணு நாலு நாளோ அதுக்கு மேலயோ அந்தப் பாலை விக்கக் கூடாது. மூணு நாள் வைத்தியம், நாலு நாள் காத்திருப்பு, மொத்தம் ஏழு நாள். பத்து லிட்டர் மாடுன்னா 70 லிட்டர், 2,450 ரூபாய் சாக்கடைக்கு. மேல டாக்டர் செலவு, மருந்துச் செலவு.

ரெண்டு மாடு வச்சிருக்கிற வீட்டுல இந்த முடிவை எடுக்கறவங்க இடத்துல உங்களை வச்சுப் பாருங்க. கொட்டினா நஷ்டம் அவங்களுக்கு மட்டும். கொட்டாம ஊத்தினா, கேன்ல நூறு பேரோட பாலோட கலந்துடும், யாருக்கும் தெரியாது. ஆனா மருந்துக்கு அடங்காத கிருமிகள் உருவாகறதுக்கு இதுவும் ஒரு வழி. அதே 2018 சோதனையில 77 மாதிரியில ஆன்டிபயாட்டிக் அளவுக்கு மேல இருந்துச்சு. "விவசாயி நேர்மையா இருக்கணும்"னு சொல்லிட்டுப் போறது ரொம்பச் சுலபம். அந்த ஏழு நாள் பாலுக்கு இன்சூரன்ஸ் மாதிரி ஒரு ஏற்பாடு இருந்தா, நேர்மை இன்னும் சுலபமாகும். என் கருத்து இது.

மாட்டுக்குப் போட்ட மருந்து மாட்டோட நிக்காதுங்கிறதுக்கு ஒரு பெரிய சாட்சி இருக்கு. டைக்ளோஃபெனாக்னு ஒரு வலி மருந்து. அது போட்ட மாடு செத்து, அதைத் தின்ன பிணந்தின்னிக் கழுகுகள் சிறுநீரகம் கெட்டு லட்சக்கணக்குல செத்துச்சு. 2006-ல கால்நடைக்கு அந்த மருந்தைத் தடை பண்ணினாங்க. நம்ம நீலகிரி மாயாறு பள்ளத்தாக்குல மிச்சம் இருக்கிற கழுகுகளுக்கு அந்தத் தடை இன்னைக்கும் முக்கியம்.

21 நாள், 60 நாள்

கன்னு போட்டு ரெண்டு மாசத்துல மாடு பருவத்துக்கு வரணும். கத்தும், மத்த மாட்டு மேல ஏறும், கண்ணாடி மாதிரி வழும்பு ஒழுகும். இந்த அறிகுறி ஒரு பகல் பொழுது அளவுக்குத்தான் இருக்கும். காலைல தெரிஞ்சா சாயங்காலம் சினை ஊசி, சாயங்காலம் தெரிஞ்சா மறுநாள் காலைல. தவற விட்டா அடுத்த வாய்ப்பு 21 நாள் கழிச்சு. அந்த 21 நாளும் தீவனம் உண்டு, ஆனா அடுத்த கன்னும் அடுத்த பாலும் தள்ளிப் போகும். வேலைக்குப் போயிட்டு ராத்திரி வர்ற வீடுகள்ல இதைக் கவனிக்க ஆள் இருக்கறதில்ல. சினை பிடிக்கலைன்னு சொல்ற பல மாடுகளுக்கு நோய் இல்ல. சத்துக் குறைவும் கவனிப்புக் குறைவும்தான்.

அப்புறம் வத்துக்காலம். அடுத்த கன்னு போட ரெண்டு மாசம் இருக்கும்போது கறக்கிறதை நிறுத்தணும். மடி ஓய்வெடுக்கும், வயித்துல கன்னு வேகமா வளர்ற காலமும் அதுதான். அந்த நேரத்துல மாடு நாலு லிட்டர் கறந்துட்டிருந்தா, 60 நாளுக்கு 8,400 ரூபாயை விடணும். விடாம கறந்தா அடுத்த கறவை முழுக்கக் குறையும், சீம்பாலும் தரமா இருக்காது. கன்னோட முதல் பாதுகாப்பு இந்த 60 நாள்லயே தொடங்குது.

நல்லா கறக்கிற மாடு கன்னு போட்ட ஒண்ணு ரெண்டு நாள்ல திடீர்னு எழுந்திருக்க முடியாம கழுத்தை விலாப்பக்கம் மடிச்சுக்கிட்டுப் படுத்துடும். ஜெர்சியில அதிகம். பேரு பால் காய்ச்சல், ஆனா காய்ச்சல் இருக்காது, காது சில்லுனு இருக்கும். ரத்தத்துல இருந்த கால்சியம் எல்லாம் பாலுக்குப் போனதுதான் காரணம். டாக்டர் நரம்புல கால்சியம் ஏத்தினா பல மாடுகள் கொஞ்ச நேரத்துலயே எழுந்து நிக்கும். தாமதமானா உயிருக்கு ஆபத்து. அவசரத்துக்குத் தமிழ்நாட்டுல 1962-ங்கிற நம்பர் இருக்கு, நம்ம 108 மாதிரி. உங்க சொந்தக்காரங்க யாராவது மாடு வச்சிருந்தா இந்த நம்பரைச் சொல்லி வைங்க.

ஊசி

கோமாரி நோய்க்கு ஆறு மாசத்துக்கு ஒரு தடவை ஊசி. 2019-ல இருந்து தேசிய திட்டத்துல இலவசம். வாயிலயும் குளம்புலயும் புண்ணு வரும், பால் இறங்கும். பெரிய மாடு பிழைச்சுக்கும், கன்னு இதயம் பாதிச்சு திடீர்னு சாகும். கருச்சிதைவு நோய்க்குக் கிடாரிக் கன்னுக்கு நாலுல இருந்து எட்டு மாச வயசுக்குள்ள ஒரே ஒரு ஊசி. அந்த நோய் மனுஷங்களுக்கும் வரும், காய்ச்சாத பால் வழியாவும். "பச்சைப் பால் குடிச்சா சத்து"ன்னு ரீல்ஸ்ல யாராவது சொன்னா, இதை ஞாபகம் வச்சுக்கோங்க. காய்ச்சிக் குடிங்க.

2022-ல வட மாநிலங்கள்ல தோல் கழலை நோய் வந்து ஏகப்பட்ட மாடுகள் செத்தது நியூஸ்ல வந்துச்சு. கொசு, ஈ, உண்ணி வழியா பரவுற வைரஸ். மனுஷனுக்கு வராது. கொட்டகைச் சுத்தம், உண்ணிக் கட்டுப்பாடு, தடுப்பூசி, நோய் வந்த மாட்டைத் தனியா கட்டறது, இவ்வளவுதான் வழி.

நம்ம பங்கு

மாடு இல்லாத நம்மால என்ன முடியும்? மூணு விஷயம் சொல்றேன். ஒண்ணு, சாப்பாட்டுக் கழிவை பிளாஸ்டிக்ல முடிச்சுப் போடாதீங்க. ரெண்டு, பண்ணைப் பால் வாங்கறவங்க "நாட்டு மாடா, ஏ2-வா"ன்னு மட்டும் கேக்காம, "மருந்து போட்டா எத்தனை நாள் பாலை நிறுத்துவீங்க? புண்ணாக்கை எங்க வைக்கிறீங்க? கன்னுக்கு எவ்வளவு பால் விடறீங்க?"ன்னு கேளுங்க. ஒழுங்கா பண்றவர் சந்தோஷமா பதில் சொல்லுவார். மூணு, லிட்டருக்கு ரெண்டு ரூபாய் ஏறினா கோபப்படறதுக்கு முன்னாடி, அந்த ரெண்டு ரூபாய் மாட்டுக்காரர் கைக்குப் போகுதான்னு கேளுங்க. போகலைன்னா அதுக்குக் கோபப்படுங்க.

கன்னுக்கு விட்ட பால், கொட்டின மருந்துப் பால், தூக்கிப் போட்ட பூசண மூட்டை, கறக்காம விட்ட 60 நாள். இது எதுவுமே பாக்கெட் மேல அச்சடிச்சு வராது. ஆனா அந்தச் செலவை யாரோ ஒருத்தர் காலைல நாலு மணிக்கு எழுந்து ஏத்துக்கிட்டாத்தான், நமக்கு ஆறு மணிக்கு நல்ல பால் வரும்.

இன்னைக்கு இவ்வளவுதான். உங்க வீட்டுலயோ ஊர்லயோ மாடு இருந்தா, உங்க அனுபவத்தை எழுதி அனுப்புங்க. குறிப்பா கன்னு வளர்த்த அம்மா, பாட்டிகிட்ட கேட்டு எழுதுங்க, அவங்களுக்குத் தெரிஞ்சது நிறைய. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.